மணியாச்சியில் மாறி ஏறணும்

கோவில்பட்டி
ஐப்பசி மாதம்

அன்புள்ள தாயிக்கு,

பெரியப்பா எழுதுவது. நாலு நாளாகப் போக்குக் காட்டிக்கொண்டிருந்த மழை நேற்று ராத்திரி இறங்கிவிட்டது. உளுந்தை விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இன்று காலையில்தான் டீக்கடையில் முகம் தெளிந்து பேசினார்கள்.

உன் வாட்ஸ்அப் செய்தியை உங்கப்பன் கொண்டுவந்து காட்டினான். மாசியில் பிள்ளைகளோடு வருகிறாய், குலதெய்வம் கோவிலில் இரண்டு பேருக்கும் மொட்டை போட்டுக் காது குத்துகிறாய், திரும்பும்போது அப்பா அம்மாவையும் டாலஸுக்குக் கூட்டிப் போகிறாய். கேட்கவே வயிறு நிறைந்தது. நாலு டிக்கெட்டைப் படம் பிடித்துப் போட்டு, "எது நல்லதுன்னு பெரியப்பாகிட்ட கேளுங்கப்பா" என்று எழுதியிருந்தாய். ரயில்வே புக்கிங் கவுண்டரில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்தவனுக்கு ஆகாய விமானத்தில் என்ன தெரியும் என்று மாப்பிள்ளை சிரித்திருப்பார். சிரிக்கட்டும். டிக்கெட் வாங்க வருகிறவன் எதைக் கேட்க மறந்துவிட்டுப் பிறகு வந்து தலையில் அடித்துக்கொள்வான் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். நானும் உன் பெரியம்மாவும் அமெரிக்காவுக்கு இரண்டு தடவை போய்வந்த பாடும் இருக்கிறது. போனில் சொன்னால் பாதியில் பேரன் வந்து பிடுங்கிக்கொள்கிறான். அதனால்தான் கடிதம்.

எங்கய்யா மாட்டுவண்டி பூட்டும்போது ஒன்று சொல்வார். ஜோடியில் இளைத்த மாடு எதுவோ அதன் நடைதான் வண்டியின் நடை. நீ அனுப்பிய நாலு டிக்கெட்டையும் அந்தக் கண்ணோடு பார்த்தேன். வருகிறபோது உங்கள் வண்டியில் இளைத்த மாடு இரண்டு வயது ஆகாத பேரன். போகிறபோது சர்க்கரையோடு இருக்கிற உங்கப்பனும் மூட்டு வலியோடு இருக்கிற உங்கம்மாவும். அந்த மூன்று பேருக்கும் எது தோதோ அதை எடுத்தால் உனக்கும் மாப்பிள்ளைக்கும் தானாகவே தோதாக இருக்கும். நீ அனுப்பியதில் எது சல்லிசு என்று பார்த்திருக்கிறாய், எது சீக்கிரம் போகிறது என்று பார்த்திருக்கிறாய். இடையில் எங்கே இறங்கி ஏறணும், எவ்வளவு நேரம் அங்கே, தவறினால் என்ன கதி என்று பார்க்கவில்லை.

நம்ம பக்கத்தில் மணியாச்சி தெரியாத ஆள் கிடையாது. மதுரைப் பக்கமிருந்து தூத்துக்குடி போகிறவன் திருநெல்வேலி வண்டியில் வந்தால் மணியாச்சியில் இறங்கித்தான் மாறணும். கலெக்டர் ஆஷ் 1911 ஜூன் 17-ம் தேதி கொடைக்கானல் போகிறதற்காக அந்த ஜங்ஷனில் இணைப்பு வண்டிக்குக் காத்திருந்தபோதுதான் வாஞ்சிநாதன் சுட்டான். ஸ்டேஷனுக்கு இன்று அவன் பெயர். முன்பெல்லாம் குருவாயூர் எக்ஸ்பிரஸில் தூத்துக்குடிப் பெட்டி என்று தனியாக மாட்டியிருப்பார்கள். மணியாச்சியில் அதைக் கழற்றி வேறு இன்ஜினில் கோத்து அனுப்புவார்கள். அந்தப் பெட்டியில் இடம் பிடித்தவனுக்கு ஒரு கவலையும் இல்லை. வண்டி தாமதமானாலும் அவனைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ரயில்வேயின் பாடு. மற்றவன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு படியேறி ஓடுவான், அவன் கண் முன்னாலேயே தூத்துக்குடி வண்டி நகரும். உனக்குத் துபாய், தோஹா, லண்டன் என்று என்ன பெயர் வேண்டுமானாலும் இருக்கட்டும், எனக்கு எல்லாம் மணியாச்சிதான். நீ வாங்குகிற டிக்கெட் இணைப்புப் பெட்டி டிக்கெட்டா, மூட்டை தூக்கி ஓடுகிற டிக்கெட்டா என்பதுதான் என் முதல் கேள்வி.

உன் நாலு படத்தில் ரொம்பச் சல்லிசாக இருக்கிறதே மூன்றாவது, அது ஓடுகிற டிக்கெட். டாலஸிலிருந்து சென்னை வரை ஒரு கம்பெனி. சென்னையிலிருந்து மதுரைக்கு வேறு கம்பெனி, வேறு பி.என்.ஆர். நடுவில் இரண்டே கால் மணி நேரம். சென்னையில் இறங்கி, இமிக்ரேஷன் வரிசையில் நின்று, பெட்டிகளைப் பொறுக்கி, கஸ்டம்ஸ் தாண்டி வெளியே வந்து, உள்நாட்டு முனையத்துக்கு நடந்து, மறுபடி பெட்டியைப் போடணும். கையில் ஒரு பிள்ளை, இடுப்பில் ஒரு பிள்ளை. முதல் விமானம் ஒரு மணி நேரம் தாமதமானால் போதும், இரண்டாவது கம்பெனிக்காரன் "நீங்க வரலையே" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான். அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது, அவனுக்கும் உன் முதல் விமானத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 2025 டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானபோது இப்படி வெளிநாட்டிலிருந்து வந்து பாதியில் நின்றவர்கள் எத்தனை பேரோ. ஒரே பி.என்.ஆரில் கடைசி ஊர் வரை எழுதிக்கொடுத்தால் தவறவிட்டவர்களை அடுத்ததில் ஏற்றிவிடுவது அந்தக் கம்பெனியின் கடமை.

இதை நான் ஏட்டைப் பார்த்துச் சொல்லவில்லை. முதல் தடவை நாங்கள் போனபோது உன் அண்ணன் எடுத்துக் கொடுத்த டிக்கெட்டில் இரண்டு இடத்தில் மாறணும். இரண்டாவது இடத்தில் எழுபது நிமிஷம். எந்த ஊர், எந்தக் கம்பெனி என்பதெல்லாம் இப்போது வேண்டாம். சக்கர நாற்காலி கேட்டிருந்தோம். விமானத்தை விட்டு எல்லாரும் இறங்கின பிறகுதான் நாற்காலிக்காரர்களை இறக்குவார்கள் என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இறக்கி ஒரு ஓரத்தில் உட்காரவைத்தார்கள். ஆள் வருகிறார், வருகிறார் என்றார்கள். ஆள் வந்தபோது கதவை அடைத்துவிட்டார்கள். அடுத்த விமானம் பத்தொன்பது மணி நேரம் கழித்து. பெரியம்மாவின் இன்சுலின் நாங்கள் ஏற்றிவிட்ட பெரிய பெட்டிக்குள், பெட்டி எங்களுக்கு முந்தியே ஏதோ ஒரு ஊருக்குப் போய்விட்டது. மருந்துக்கடைக்காரனிடம் நான் ஊசி போடுகிற மாதிரி கையால் செய்துகாட்டி, பெயரை எழுதிக்காட்டி... அந்த ராத்திரியை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு அடைக்கும். திரும்பிவந்து உன் அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவன் எங்களுக்காகத்தானே காசு மிச்சம் பிடித்தான்.

அதிலிருந்து நான் எந்த டிக்கெட்டைப் பார்த்தாலும் கேட்கிற இரண்டாவது கேள்வி, அடுத்த வண்டி எப்போது? கவுண்டரிலும் விவரமான ஆட்கள் இதைத்தான் கேட்பார்கள். துபாயிலிருந்தும் தோஹாவிலிருந்தும் சென்னைக்கு ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் விமானங்கள் இருக்கும். காலையில் தவறினால் ராத்திரி. திருவனந்தபுரத்துக்கு அவ்வளவு கிடையாது, தவறினால் ஒரு நாள் முழுக்க உட்கார நேரலாம். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் அடுத்ததைச் சொல்கிறேன்.

நீ சென்னை என்று முடிவுகட்டிக்கொண்டு மற்றதைத் தேடியிருக்கிறாய். டாலஸிலிருந்து வருகிறவளுக்கு இந்தியா என்றால் சென்னை, டெல்லி, மும்பை என்றுதான் தோன்றும். கோவில்பட்டியில் உட்கார்ந்து பார்த்தால் வரைபடம் வேறு மாதிரி இருக்கும். சென்னை இங்கிருந்து ஐந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். அங்கே காலையில் இறங்கினால் நெல்லை எக்ஸ்பிரஸோ முத்துநகரோ ராத்திரிதான், பகல் முழுக்க யார் வீட்டிலாவது பிள்ளைகளை வைத்துக்கொண்டு கிடக்கணும். திருவனந்தபுரம் இருநூறு கிலோமீட்டர் சொச்சம். நாகர்கோவில், காவல்கிணறு, திருநெல்வேலி என்று நாலரை மணி நேரத்தில் வீட்டு வாசல். டாலஸிலிருந்து எமிரேட்ஸ் துபாய்க்குப் போகிறது, கத்தார் ஏர்வேஸ் தோஹாவுக்குப் போகிறது, இரண்டு பேரும் திருவனந்தபுரத்துக்கும் வருகிறார்கள். ஆக மொத்தம் ஒரே ஒரு மணியாச்சி. மதுரை நூறு கிலோமீட்டர்தான் என்றாலும் அங்கே வருகிற வெளிநாட்டு விமானங்கள் கைவிரலுக்குள் அடங்கும், உன் வழிக்கு இன்னொரு மாற்றல் கூடும். தூத்துக்குடி வாகைகுளம் விமான நிலையத்தில் 2025 ஜூலையில் புது முனையம் திறந்து ஓடுபாதையையும் மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீட்டியிருக்கிறார்கள். பேரன் கல்யாணத்துக்குள் அங்கேயே பெரிய விமானம் இறங்கும் என்று உங்கப்பன் சொல்லிக்கொண்டு திரிகிறான். இப்போதைக்கு அங்கே உள்நாட்டு விமானம்தான்.

டெல்லி வழியாக ஏர் இந்தியாவில் வரலாமா என்று ஒரு வரி எழுதியிருந்தாய். திருநெல்வேலிக்குப் போக விழுப்புரம் போய்த் திரும்புகிற கதை அது. போதாததற்கு 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை நம் விமானங்களுக்கு அடைத்த பிறகு அமெரிக்கா போகிறவை சுற்றிப் பறந்தன, சில வியன்னாவில் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டு போயின. நேராகப் போகிறது என்று வாங்கிய டிக்கெட்டிலும் வழியில் ஒரு மணியாச்சி முளைத்துவிட்டது.

லண்டன் வழி பிரிட்டிஷ் ஏர்வேஸ் மாப்பிள்ளைக்குப் பிடித்திருக்கிறது போல. அதிலும் நியாயம் உண்டு. டாலஸ்–லண்டன் ஒன்பது மணி நேரம், லண்டன்–சென்னை பத்து. பயணத்தைச் சரிபாதியாகப் பிளந்து நடுவில் காலை நீட்டிக்கொள்ளலாம். வளைகுடா வழியில் முதல் பறப்பே பதினைந்து மணி நேரம், பிறகு நாலு. மூட்டு வலிக்காரர்களுக்குப் பாதிப் பாதி நல்லது என்று எனக்கும் ஒரு எண்ணம் இருந்தது. பெரியம்மா மறுத்தாள். "தூங்க ஆரம்பிக்கும்போது எழுப்பி எறக்கிவிட்டா மறுபடி தூக்கம் வருமா? ஒரே இழுப்பா தூங்கிட்டு, அப்புறம் எறங்குனா ஊரு பக்கம்னு இருக்கணும்" என்றாள். பிள்ளைகளுக்கும் அது பொருந்தும் என்று படுகிறது. லண்டனில் இன்னொரு சிக்கல், இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் விமான நிலையத்தை விட்டு வெளியே போகாமல் மாறி ஏறுவதற்கே விசா கேட்பார்கள். செல்லுபடியாகிற அமெரிக்க விசா இருந்தால் விலக்கு உண்டு. உங்கப்பனுக்கு விசா கைக்கு வருவதற்கு முந்தி லண்டன் டிக்கெட் எடுத்து வைக்காதே. இந்த விதிகள் வருஷத்துக்கு வருஷம் மாறும், எடுக்கிற அன்றைக்கு அந்தந்த நாட்டுத் தூதரகப் பக்கத்திலேயே பார்த்துக்கொள்.

வளைகுடாவில் ஆபத்து இல்லையா என்றால் இருக்கிறது. 2024 ஏப்ரல் 16-ல் துபாயில் கொட்டின மழையில் விமான நிலையமே ஏரியானது. பாலைவனத்தில் மழை எங்கே என்று சிரிக்காதே, நம்ம மாவட்டத்தில் 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்து, ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு நடுத்தண்ணியில் நின்றது. 2025 ஜூன் 23-ல் கத்தார் சண்டைக்குப் பயந்து வான்வெளியைச் சில மணி நேரம் அடைத்தது, உலகத்தின் நாலு மூலையிலும் ஆட்கள் சிக்கிக்கொண்டார்கள். நீ கிளம்புகிற மாதத்தில் அந்தப் பக்கம் புகைச்சல் தெரிந்தால் பேசாமல் லண்டனுக்கு மாற்றிக்கொள். அதற்காகத்தான் மாற்றுவதற்கு இடம் கொடுக்கிற கட்டணமாக எடு என்கிறேன், ஐம்பது நூறு டாலர் கூடினாலும்.

கட்டணம் என்றதும் எனக்கு ஓட்டப்பிடாரத்து ஆள்தான் ஞாபகம் வருவார். வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிக் காலியா, லாவோ என்று கப்பல் வாங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் விட்டாரே, அப்போது வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கியது. இவர் எட்டணா என்றார். அவன் சும்மாவே ஏறிக்கொள், கூட ஒரு குடையும் தருகிறேன் என்றான். குடை வாங்கினவன் சந்தோஷமாகத்தான் போயிருப்பான். சுதேசிக் கம்பெனி 1911-ல் கலைக்கப்பட்ட பிறகு அந்தக் குடைக்கு அவன் எத்தனை மடங்கு கொடுத்திருப்பான் என்று யார் கணக்குப் பார்த்தார்கள்? சல்லிசு டிக்கெட்டைக் கண்டால் நான் குடையைத் தேடுவேன். உன் முதல் படத்தில் அறுபது டாலர் குறைவு, ஆனால் இடம் தேர்ந்துகொள்ளத் தனிக் காசு. நாலு வயதுப் பேத்தியை வேறு வரிசையில் உட்காரவைத்து, ஏறின பிறகு யாரிடமாவது "கொஞ்சம் மாறி உக்காருங்க" என்று கெஞ்சப்போகிறாயா? இரண்டாவதில் ரத்து செய்தால் ஒரு பைசா திரும்பாது. பெட்டி எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை கிலோ என்பதையும் போக, வர இரண்டுக்கும் தனித்தனியாகப் பார்.

விமானக் கம்பெனிகளில் எது நல்லது என்று நீ கேட்டதற்கு நேராகச் சொல்லப்போனால், எமிரேட்ஸுக்கும் கத்தாருக்கும் சாப்பாட்டிலும் படம் காட்டுகிறதிலும் இருக்கிற வித்தியாசம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. எதில் நாலு மணி நேர இடைவெளியோடு திருவனந்தபுரம் கிடைக்கிறதோ அதை எடு. ஒன்றரை மணி நேரம் என்று போட்டிருந்தால், அவர்கள் கணக்குக்கு அது போதும், பிள்ளைக்குத் துணி மாற்றிப் பால் கலக்கிக் கொடுக்கிறவளுக்குப் போதாது. எட்டுப் பத்து மணி நேரம் என்றாலும் வேண்டாம், பிள்ளைகள் தரையில் உருளும். நீண்ட இடைவெளிக்குச் சில கம்பெனிகள் விடுதி கொடுப்பதுண்டு, வாங்கும்போதே கேட்டு எழுத்தில் வைத்துக்கொண்டால்தான் நம்பலாம். இருபத்துநாலு மணி நேரத்துக்கு உள்ளே என்றால் ட்ரான்சிட், அதைத் தாண்டினால் ஸ்டாப் ஓவர் என்று பெயர் மாறி விசா, பெட்டி எல்லாமே மாறும். ரயிலில் ஐந்நூறு கிலோமீட்டர் தாண்டினால் பிரேக் ஜர்னி கொடுப்போமே, அது மாதிரி சாதாரணமாக நினைத்துவிடாதே.

பேரன் விஷயம் கொஞ்சம் கவனி. நீங்கள் இங்கே இருக்கும்போதே அவனுக்கு இரண்டு வயது முடிகிறது. இரண்டு வயதுக்குள் என்றால் மடிப்பிள்ளை, பத்தில் ஒரு பங்கு கட்டணம்தான். திரும்புகிற நாளில் இரண்டு முடிந்திருந்தால் இடம் வாங்கியே ஆகணும். வருகிறபோதும் அவனுக்கு இடம் வாங்கிவிடு. தொட்டில் கொடுப்பார்களே என்பாய், அந்தத் தொட்டில் பத்துப் பதினோரு கிலோவுக்குள் இருக்கிற சின்னப் பிள்ளைக்கு. இவன் போனில் உதைக்கிற உதையைப் பார்த்தால் தொட்டிலை உடைத்துவிடுவான். பதினைந்து மணி நேரம் மடியில் வைத்துக்கொண்டு வந்தால் இறங்கும்போது உனக்கு முதுகும் இருக்காது, பொறுமையும் இருக்காது. இரண்டு பிள்ளைகளும் அமெரிக்கப் பாஸ்போர்ட், ஓசிஐ அட்டையோ விசாவோ இருவருக்கும் கையில் இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பார். பெரியவளுக்கு எடுத்துவிட்டு சின்னவனுக்கு மறந்து, செக்-இன் வரிசையிலிருந்து திரும்பின குடும்பம் நம்ம தெருவிலேயே இருக்கிறது.

இன்னொன்று. கைப்பையில் பிள்ளைகளுக்கு மாற்றுத்துணி வைப்பாய், உனக்கும் ஒரு செட் வை. அவன் கக்குவது உன் மேல்தான்.

இனி உங்கப்பன் அம்மா. அவர்கள் டிக்கெட் இங்கிருந்து கிளம்புகிற தனி டிக்கெட்டாகத்தான் இருக்கும். அதே விமானம், அதே நாள் எடுத்துவிட்டு, கம்பெனிக்குப் போன் போட்டு இரண்டு பி.என்.ஆரையும் இணைத்துக் குறித்துவைக்கச் சொல். விமானம் ரத்தானால் ஆறு பேரையும் சேர்த்து மாற்றுவதற்கு அது உதவும். சக்கர நாற்காலி இருவருக்கும் டிக்கெட்டோடேயே கேள், அதற்குக் காசு கிடையாது. அதிலும் மூன்று விதம் இருக்கிறது. தூரம் நடக்க முடியாது, படி ஏறுவேன் என்றால் டபிள்யூ.சி.எச்.ஆர். படியும் ஏற முடியாது என்றால் கடைசி எழுத்து எஸ். நடக்கவே முடியாது என்றால் சி. உங்கம்மாவுக்கு எஸ் போடு. விமானம் முனையத்தில் ஒட்டாமல் தூரத்தில் நின்றால் படியில்தான் இறக்குவார்கள். நாற்காலி தள்ளுகிற ஆள் அவர்களை வேறு வழியில் கூட்டிப்போவார், நீ பிள்ளைகளோடு வேறு வரிசையில் நிற்பாய். எந்தக் கேட், எத்தனை மணி என்று ஒரு தாளில் எழுதி உங்கம்மா சுருக்குப்பையில் போட்டுவிடு. பாஸ்போர்ட் அவரவரிடம் இருக்கட்டும், உன் பையில் மொத்தமாக வைக்காதே. இன்சுலின், மாத்திரை, டாக்டர் சீட்டு எல்லாம் கைப்பையில், மூன்று நாளைக்குக் கூடுதலாக. சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் பெயரையும் எழுதி வாங்கச் சொல்லியிருக்கிறேன். உங்கப்பன் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது எழுந்து நடக்கணும். நடைபாதை ஓரத்து இடமாக எடு, இல்லாவிட்டால் பக்கத்து ஆளை எழுப்பக் கூச்சப்பட்டு அப்படியே கிடப்பான்.

சாப்பாட்டில் 'ஹிந்து மீல்' என்று இருக்கிறதே என்று அதைப் போட்டுவிடாதே. அதில் மாட்டுக்கறி இருக்காது, கோழியும் ஆடும் வரும். உங்கம்மா விரத நாளில் கிளம்பினால் வம்பு. 'ஏசியன் வெஜிடேரியன்' என்று போடு.

பெட்டி கட்டுகிற வேலையை நானே மேற்பார்க்கிறேன், ஏனென்றால் உங்கம்மாவைத் தெரியும். போன தடவை பெங்களூருக்கு உன் தம்பி வீட்டுக்குப் போனபோதே பூஜை சாமானோடு சூடமும் ஒரு பண்டல் தீப்பெட்டியும் கட்டினாள். தீப்பெட்டி செய்கிற ஊர்க்காரி, தீப்பெட்டி இல்லாமல் எப்படிக் கிளம்புவாள்? இரண்டையும் பெரிய பெட்டியில் வைக்கவே கூடாது, தீப்பற்றுகிற சாமான். கொப்பரைத் தேங்காயும் கூடாது, எண்ணெய்ச் சத்து சூடேறித் தானாகவே பற்றும் என்று பெட்டியில் தடை. ஊறுகாயும் நெய்யும் கையில் கொண்டுபோகவேண்டாம். எல்லாவற்றையும்விடப் பயப்படவேண்டியது கசகசா. இங்கே குருமாவுக்கு அரைக்கிற சாமான், துபாயிலும் தோஹாவிலும் போதைப்பொருள் கணக்கு. பெட்டி அங்கே திறக்கப்படாமலே போகலாம். ஆனால் விமானம் தவறி வெளியே போய்த் தங்கவேண்டி வந்தால்? அரைத்த மசாலாப் பொட்டலத்துக்குள்ளும் இருக்கும், ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் கட்டணும். கோடீன் போட்ட இருமல் மருந்துக்கும் அதே கதை. கடலைமிட்டாய்க்குத் தடை இல்லை, 2020-ல் புவிசார் குறியீடு வாங்கின சாமான், தாராளமாகக் கொண்டுபோகலாம். டாலஸில் கஸ்டம்ஸ்காரன் சாப்பாடு இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்று சொல்லச் சொல். மறைத்தால்தான் அபராதம். விமானத்துக்குள் மட்டும் உடைக்கவேண்டாம், கடலை வாடையே ஆகாத பிள்ளைகள் பக்கத்தில் இருக்கலாம்.

திருவனந்தபுரத்தில் வளைகுடா விமானங்கள் பல நள்ளிரவிலும் விடியற்காலையிலும்தான் இறங்குகின்றன. உங்கள் பயணத்தில் எனக்கு அதிகப் பயம் அந்த இருநூறு கிலோமீட்டர் ரோடுதான், ஆகாயம் இல்லை. முந்தின நாள் பகலெல்லாம் வண்டி ஓட்டிவிட்டு ராத்திரி உங்களை அழைக்க வருகிற டிரைவர் ஆரல்வாய்மொழி தாண்டுவதற்குள் கண் அயர்ந்துவிடுவார். நான் முந்தின மத்தியானமே வண்டியோடு வந்து, டிரைவரை அறையில் படுக்கப்போட்டு, பிறகுதான் கிளப்புவேன். பிள்ளைகளுக்குக் கார் சீட் நீ கொண்டுவரணும், இங்கே வாடகை வண்டியில் இருக்காது.

காதுகுத்துக்கு உங்கப்பன் நீ இறங்கின மூன்றாம் நாள் தேதி குறித்திருந்தான். மாற்றச் சொல்லிவிட்டேன். டாலஸுக்கும் நமக்கும் பதினொன்றரை மணி நேரம் வித்தியாசம். பிள்ளைகள் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து விளையாடும், பத்து மணிக்குப் பொங்கல் வைக்கிற நேரத்தில் சொக்கி விழும். தூங்குகிற பிள்ளையை எழுப்பிக் காதைக் குத்தினால் அந்தக் கத்தல் ஊர் எல்லை தாண்டும். ஒன்பதாம் நாள் நல்ல நாள் இருக்கிறது, அதுவே இருக்கட்டும்.

மாமன் மடி இல்லாமல் காதுகுத்து கிடையாது. உன் சின்னத் தம்பி பெங்களூரிலிருந்து பஸ்ஸிலேயே வந்துவிடுவான். உன் பெரிய தம்பி சிட்னியிலிருந்து வரணும். அவனுக்கு வளைகுடா பேச்சே வேண்டாம். சிங்கப்பூர் வந்து அங்கிருந்து திருச்சி, பிறகு நாலு மணி நேரம் காரில். அவன் விசேஷத்துக்கு முந்தின நாள் வருகிறேன் என்கிறான். இரண்டு நாள் முந்தி வரச் சொல், அவன் கேட்பது உன் பேச்சைத்தான்.

மாசியில் உளுந்து பறித்து முடிந்து காடு காலியாகக் கிடக்கும். வெயிலும் சித்திரை மாதிரி கொல்லாது. டிக்கெட் எடுத்ததும் பி.என்.ஆரை எனக்கும் ஒரு தடவை அனுப்பு, மாப்பிள்ளை சிரித்தாலும் பரவாயில்லை. பேரனை ஒரு நாள் பாசஞ்சரில் மணியாச்சிக்குக் கூட்டிப்போய் இறக்கி, இன்ஜினைக் காட்டி, அடுத்த வண்டியில் திருப்பிக் கூட்டிவரணும் என்று இருக்கிறேன். அதற்கு டிக்கெட் நான் எடுத்துக்கொள்கிறேன்.

உன் அன்புள்ள
பெரியப்பா